கம்பியில் சுற்றிய குரல்கள்

சென்ற தவணையில் இரண்டாம் உலகப் போரைக் கற்பித்துக்கொண்டிருந்த எங்கள் வரலாற்று ஆசிரியை, பாடத்தை இடையில் நிறுத்திவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். எங்களில் எவருக்கும் விளங்காத மொழி. திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வகுப்பில் எப்போதும் கதைத்துக்கொண்டிருக்கும் பின்வரிசையும் அப்போது வாய்திறக்கவில்லை. பிறகு அந்தப் பெண் தொடர்ந்து பேசினார்.

"இது 1946ஆம் ஆண்டில் பதிவானது" என்றார் ஆசிரியை.

பரீட்சைக்கு வராத விடயம்தான். ஆனால் அன்றிலிருந்து நான் அந்த ஒலிப்பதிவுகளையும் அவற்றைச் செய்த மனிதரையும் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அவர் பெயர் டேவிட் போடர். லத்வியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, ரஷ்யாவிலும் மெக்சிகோவிலும் வாழ்ந்து, கடைசியில் சிக்காகோவில் உளவியல் பேராசிரியரானவர். போர் முடிந்ததும் ஹிட்லரின் வதைமுகாம்களைப் பற்றிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. உலகம் அவற்றைப் பார்த்துப் பதறியது. ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. போடர் கேட்கப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் கையில் எடுத்துச் சென்றது கம்பி ஒலிப்பதிவுக் கருவி. நம் பெற்றோர் காலத்துக் கசெற் நாடாவுக்கும் முந்தியது அது. தலைமயிர் போல மெல்லிய உருக்குக் கம்பியில் குரல் காந்தமாகப் பதியும். கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடரலாம். அப்படி 200 கம்பிச் சுருள்களுடன் 1946 ஜூலை இறுதியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். ஒக்டோபர் தொடக்கம் வரை பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜேர்மனி என்று அகதிகள் தங்கியிருந்த இடமெல்லாம் அலைந்து, ஏறத்தாழ 130 பேரின் குரலைப் பதிந்தார். ஒன்பது மொழிகள். 90 மணி நேரம்.

இதில் என்னை நிறுத்திவைத்தது எண்ணிக்கையல்ல, அவர் வேலை செய்த முறை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடத்தையும் திகதியையும், பேசுபவர் யார் என்பதையும் தன் குரலிலேயே சொல்லி வைத்தார். பேசியவர்களைத் தம் தம் மொழியில் பேசவிட்டார். அவர்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டார்கள். முன்னுக்குப் பின் சொன்னார்கள். முகாமில் காவலர்கள் கத்திய ஜேர்மன் சொற்களைத் தங்கள் தாய்மொழிக்குள் கலந்தே பேசினார்கள். பிற்பாடு அவற்றை ஆங்கிலமாக்கியபோதும் போடர் ஒன்றையும் சீர்செய்யவில்லை. உடைந்த வாக்கியம் ஆங்கிலத்திலும் உடைந்தபடியே நின்றது. துன்பம் மனிதனின் பேச்சை என்ன செய்கிறது என்பதை அந்த உடைவில்தான் காணலாம் என்று அவர் நினைத்தார். அப்படித் தேர்ந்த எட்டுப் பேரின் கதைகளை 1949இல் நூலாக்கி, 'இறந்தவர்களை நான் பேட்டி காணவில்லை' என்ற பொருளில் பெயரிட்டார். தான் கேட்டவை மிகக் கொடிய கதைகளல்ல, மிகக் கொடியவற்றைச் சொல்ல எவரும் மிஞ்சவில்லை என்பது அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம் என் உம்மும்மா.

உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் ஆயுதம் தாங்கியவர்களின் கட்டளைக்குப் பணிந்து, வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் போல, எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தார். கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஐரோப்பாவில் நடந்ததையும் எங்களுக்கு நடந்ததையும் ஒரே தராசில் வைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அப்படி வைக்கவும் முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்ட ஒருவரையும், கேட்டதைக் கெடுத்த என்னையும் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

பதினோராம் தரத்தில் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காக உம்மும்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். மூன்று பின்னேரங்கள் சொன்னார். நான் கொப்பியில் குறிப்பெடுத்தேன். கைத்தொலைபேசி பக்கத்திலேயே கிடந்தது. பதிய வேண்டுமென்று தோன்றவேயில்லை.

அந்த நாளுக்கு உம்மும்மா வைத்திருந்த பெயர் 'வெளிக்கிட்ட நாள்'. கலியாண வீட்டுக்கு உடுத்துப் புறப்படுவதற்கும் அவருடைய ஊரில் அதே சொல்தான். நான் அதை வெட்டிவிட்டு, 'வடபுல முஸ்லிம்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதினேன். அது உண்மை. எழுதப்பட வேண்டிய உண்மையும்கூட. ஆனால் அது உம்மும்மாவின் வாக்கியமல்ல. கதை சொல்லும்போதெல்லாம் அவர் ஒரே இடத்தில் நின்றுவிடுவார். வீட்டுக் கொல்லையில் ஒரு கோழியை அடைவைத்திருந்தார்களாம், இன்னும் இரண்டு நாளில் பொரிக்க இருந்ததாம். அந்த இடம் வந்ததும் பேச்சு நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். நகையும் பணமும் பறிபோனதை நிற்காமல் சொன்னவர் கோழியிடம் நின்றார். வரலாற்றுச் செயற்றிட்டத்தில் கோழிக்கு என்ன வேலை என்று நான் அதை விட்டுவிட்டேன்.

இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி கிடைத்தது. சென்ற வருடம் நோன்புக்கு முன் உம்மும்மா வபாத்தானார். இப்போது எங்களிடம் இருப்பது நான் திருத்தி எழுதிய பத்துப் பக்கங்கள். அதில் உம்மும்மா எங்கும் இல்லை.

'இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய், ஆறின புண்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் சொல்ல விருப்பம் இருக்காது. சொன்னதெல்லாம் பிறர் காதுக்குப் போகவும் விரும்பமாட்டார்கள். அனுமதி கேட்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். பேசியவரின் சம்மதமில்லாமல் வட்ஸ்அப் குழுமங்களில் போட்டுவிடுவது என்னைப் பொறுத்தவரை களவு. ஆனால் கேட்காமலே 'அவர்களுக்கு விருப்பமிராது' என்று நாமாக முடிவுசெய்வது வேறு. உம்மும்மாவிடம் நான் கேட்ட முதல் நாள், "இப்பவாவது ஒருத்தி கேட்டியே" என்றார்.

இன்னொரு பதிலும் வரும்: இப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி, எல்லோரும்தான் பதிகிறார்களே. பதிகிறார்கள். பெயரில்லை, திகதியில்லை, ஊரில்லை. தொலைபேசி நீருக்குள் விழுந்தால் அதோடு சரி. இதிலும் போடரின் கதை ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. பாரிஸுக்கு அண்மையில் ஏனோன்வில் என்ற இடத்தில், உயிர்தப்பியவர்கள் பாடிய பாடல்களை அவர் ஒரு சுருளில் பதிந்திருந்தார். அந்தச் சுருள் எங்கே என்று பல தசாப்தங்களாக எவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஏக்ரன் பல்கலைக்கழகத்து உளவியல் வரலாற்று நிலையத்தில் அது இருந்தது. டப்பாவின் மேல் எழுதியிருந்த பெயர் பிழை. அவ்வளவுதான் காரணம். கண்டுபிடித்த பிறகும் உடனே கேட்க முடியவில்லை. கம்பியை ஓடவிடும் இயந்திரங்கள் வழக்கொழிந்து போயிருந்தன. பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்துச் சீர்செய்த பிறகுதான் 2017இல் அந்தப் பாட்டு உலகத்துக்குக் கேட்டது. போடர் 1961இலேயே இறந்துவிட்டார். தன் பதிவுகளில் 70 பேட்டிகளை மொழிபெயர்த்துத் தட்டச்சில் தொகுதி தொகுதியாகச் சில நூலகங்களுக்கு அனுப்பி வைத்தவர், அவற்றுக்குப் பெரிய வரவேற்பு எதையும் காணாமலே போனார். அவர் கற்பித்த இலினோய் தொழில்நுட்ப நிறுவனம் அவருடைய மறைவுக்குப் பல ஆண்டுகளின் பின்னரே அந்தக் குரல்களை இணையத்தில் ஏற்றியது.

எனவே எங்கள் கல்லூரியிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு வருடமும் செயற்றிட்டம் என்று கடதாசி வெட்டி ஒட்டுகிறோம். அதில் ஒரு வருடத்தை வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலுக்குக் கொடுக்கலாம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று ஊர் விட்டு வந்தவர்கள் மட்டுமல்ல. சங்கக் கடை வரிசையில் பாணுக்கு நின்றவர்கள், பெட்டைப்பிள்ளைக்கு எதற்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்று பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர்கள், சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு கணினியும் பெயர், திகதி, ஊர் எழுதிய ஒரு பதிவேடும் போதும். புள்ளி தேவையென்றால் ஒன்றையும் திருத்தாமல் எழுத்தில் இறக்கியதற்குப் புள்ளி கொடுங்கள்.

பெற்றோரே, நீங்களும் பிள்ளை கேட்கும்போது பக்கத்திலிருந்து 'அப்பிடியில்ல, இப்பிடி' என்று திருத்தாதீர்கள். எங்கள் உம்மா அதைத்தான் செய்தார்.

நான் இப்போது உம்மும்மாவின் தங்கையிடம் போய்வருகிறேன். சின்ன உம்மும்மாவுக்கு 71 வயது, வாய்க்குப் பஞ்சமில்லை. தொலைபேசியைக் கதிரையில் வைத்து, திகதியும் இடமும் சொல்லி, அவர் பெயரையும் சொன்னேன். தன் பெயரைக் கேட்டதும் முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இடையில் அஸர் பாங்கு சொன்னது. பேச்சை நிறுத்தி, முடிந்ததும் தொடர்ந்தார். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். கடைசியில் நான் அந்த அடைக்கோழியைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை.

"அது ராத்தாட கோழி இல்ல மகள்" என்றார். "என்ட கோழி."