பூரண சற்குணர் என்போர் யார்?

மலைப்பிரசங்கத்தில், மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் முடியும் இடத்தில், ஆண்டவர் தம்மைப் பின்பற்றுவோரிடம் ஒரு பெரிய காரியத்தைக் கேட்கிறார். விண்ணகத் தந்தையைப் போல நிறைவுள்ளவர்களாய் இருக்கவேண்டுமாம். புரட்டஸ்தாந்து சகோதரர்களின் பழைய வேதாகமம் 'பூரண சற்குணர்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. கேட்பதற்கே பயமாக இருக்கும் சொல். கோவிலில் இந்த வாசகம் வரும் ஞாயிறுகளில் தலைகுனிந்து இருப்பவர்களே அதிகம். அதிலும் ஊரையும் காணியையும் விட்டு வந்த குடும்பங்கள், இது தங்களுக்குச் சொன்னதல்ல, வேறு யாரோ நல்ல வீட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னது என்று எண்ணிக்கொள்கின்றன.

ஏன் அப்படி எண்ணமாட்டார்கள்? முகாமில், பாடசாலை மண்டபத்தில், உறவினர் வீட்டு விறாந்தையில் நாட்களைக் கழிக்கும்போது யார்தான் பூரணமாக இருக்க முடியும்? நிவாரணப் பட்டியலில் ஒரு பிள்ளையைக் கூட்டிச் சொன்ன தாய் இருக்கிறாள். தண்ணீர் வரிசையில் வாளியைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டவர் இருக்கிறார். வேலை இல்லாத வெறுமையில் குடிக்கப் பழகியவர் இருக்கிறார். தன் குடிசைக்குத் தீ வைத்தவனின் முகத்தை இன்னும் மறக்காதவரும் இருக்கிறார். "முதலில் கூரைக்குத் தகரம் கிடைக்கட்டும் சாமி, பூரணத்தைப் பிறகு பார்ப்போம்" என்று அவர்கள் சொன்னால் நாம் கோபிக்க முடியாது.

இதற்கு மேலும் ஒரு சுமையை ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைகள் சரிந்து, கண்டி மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போயின. இத்தகைய அழிவு வரும்போதெல்லாம், 'பாவத்தின் தண்டனை' என்று சொல்ல ஒரு குரல் எங்கிருந்தாவது எழும்பும். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா எழுதியிருக்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு அங்கே நேராகவே மறுத்தார். மண்சரிவு வந்த சரிவிலே வீடு கட்டியவன் அங்கே கட்டியது, வேறு இடத்தில் அவனுக்கு ஒரு பேர்ச் காணியும் கிடையாது என்பதனால்.

ஆகவே அந்தச் சொல்லையே முதலில் பார்ப்போம். கிரேக்கத்தில் அது 'தெலேயோஸ்'. முழு வளர்ச்சி அடைந்தது, அதனதன் முடிவை எட்டியது என்று பொருள். வளர்ந்த ஆளைக் குறிக்கவும் அச்சொல் வரும். எபிரேய மொழியில் இதற்கு நெருக்கமான 'தாமீம்' என்ற சொல் முழுமையானது, பிளவுபடாதது என்பதைச் சொல்லும். வயலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முற்றிய கதிரில் ஒன்றிரண்டு பதர் இருக்கும், பூச்சி தின்ற தாளும் இருக்கும், ஆனாலும் அது முற்றிய கதிர்தான். பச்சையாகப் பளபளவென்று நிற்கும் இளம் பயிரில் குறை ஒன்றும் தெரியாது. அதை அறுத்து யாரும் உண்பதில்லை.

அந்த வசனத்துக்கு முன் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். பகைவரை நேசிப்பது பற்றிய பேச்சு அது. தந்தை நல்லவன் வயலுக்கும் கெட்டவன் வயலுக்கும் ஒரே சூரியனை அனுப்புகிறார், ஒரே மழையைப் பெய்விக்கிறார் என்று காட்டிவிட்டுத்தான் அவரைப் போல் இருங்கள் என்கிறார். லூக்கா இதே போதனையைத் தரும்போது நிறைவு என்ற சொல்லையே விட்டுவிட்டு இரக்கம் என்று எழுதிவிட்டார். எனவே கேட்கப்படுவது கறைபடாத வாழ்க்கைக் கணக்கு அன்று. எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள் என்று வேலி போடாத அன்பே கேட்கப்படுகிறது. இது சுலபமான பொருள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பொய் சொல்லாமலும் குடிக்காமலும் இருப்பதைவிட இதுவே கடினம் என்பது நம் எண்ணம்.

திருச்சபையும் நீண்ட காலம் இந்த அழைப்பைச் சிலருக்கு மட்டுமே உரியதாக வைத்திருந்தது. நிறைவின் வழி துறவிகளுக்கு, கட்டளைகளின் வழி குடும்பத்தவருக்கு என்ற பிரிவினை. அம்பிட்டிய மலையில் 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ நிறுவிய குருமடம் 1955இல் புனேக்கு மாறும்வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களை உருவாக்கியது. அதற்குக் கீழே வாழ்ந்த தோட்டத்து மக்களிடம் 'நீங்களும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள்' என்று யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. எல்லா விசுவாசிகளும், எந்த நிலையில் வாழ்ந்தாலும், புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதி வைத்தது. மெதடிஸ்த சகோதரர்களின் தந்தையான ஜோன் வெஸ்லி இதை இரு நூற்றாண்டு முன்னரே போதித்தார் என்பதையும் சொல்லவேண்டும். அறியாமையும் தவறும் பலவீனமும் மனிதனை விட்டு நீங்குவதில்லை, இதயம் முழுவதையும் அன்பு நிறைப்பதே கிறிஸ்தவ நிறைவு என்பது அவர் கொள்கை.

கண்டியிலே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டி நகருக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். 1697இல் அந்நகரில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் கொட்டில் போட்டு, கஞ்சி கொடுத்து, புண் கழுவி, இறந்தவரைப் புதைத்தார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. தம்மைச் சிறையில் வைத்த நகரத்துக்கு அவர் செய்தது இது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார்கள். அவர் மழை வரவழைத்த அற்புதத்தையே நம்மவர்கள் விரும்பிப் பேசுகிறார்கள். அது இருக்கட்டும். நமக்கு அந்தக் கொட்டில்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

நமக்கு அண்மைக் காலத்திலும் உதாரணம் இல்லாமற் போகவில்லை. செல்வந்த வாலிபனிடம் ஆண்டவர், நிறைவுள்ளவனாக விரும்பினால் உள்ளதை விற்றுவிடச் சொன்னாரே, மத்தேயு அங்கே வைத்திருப்பதும் இதே சொல்தான். அவன் துக்கத்தோடு போய்விட்டான். 1959 முதல் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை 1972இல் அப்பெரிய மறைமாவட்டத்தை விட்டு, புதிதாக உருவான ஏழை பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக வேலை செய்த இடம் அது.

அது எப்படிப்பட்ட காலம் என்பது உங்களில் முதியவர்களுக்கு நினைவிருக்கும். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கை மாறின. காணியில்லாத சிங்களக் கிராமத்தவருக்குக் காணி கொடுப்பது நியாயமே. ஆனால் கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் லயங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டார்கள், பட்டினியில் கண்டித் தெருக்களுக்கு வந்து கையேந்தினார்கள். 1977இலும் 1981இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போனவர்கள் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். அவர்களில் பலர் 2009இல் அங்கிருந்தும் ஓடவேண்டி வந்தது. ஒரே குடும்பம் மூன்று முறை வேரோடு பிடுங்கப்பட்டால், பகைவரை நேசியுங்கள் என்ற வார்த்தை அதன் காதில் எப்படி விழும் என்று பிரசங்கம் செய்பவர்கள் யோசிக்கவேண்டும்.

நேசிப்பது என்றால் காணியைக் கேட்காமல் இருப்பது அன்று. நாபோத்து தன் முன்னோரின் திராட்சைத் தோட்டத்தை அரசன் கேட்டும் கொடுக்க மறுத்தான். வேதம் அவனைக் குற்றம் சொல்லவில்லை, எலியா தீர்க்கதரிசி அரசனையே கண்டித்தார். ஆகவே உறுதிப்பத்திரம் கேட்டுப் பிரதேச செயலகத்தின் முன் நிற்பவனைப் பார்த்து, 'கிறிஸ்தவனுக்குப் பொறுமை வேண்டும்' என்று யாரும் வாயடைக்க வரவேண்டாம். தன் காணிக்காக நிற்கும்போதே, பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் காணிக்காகவும் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் 1980களில் தண்ணீருக்குள் போயின. அந்தக் குடும்பங்களும் தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. மழை இரண்டு பக்கமும் பெய்கிறது என்றால் நட்டமும் இரண்டு பக்கமும் இருக்கிறது. இதை நம் கூட்டங்களில் பேசுவது குறைவு.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். நிவாரணம் வரும்போது, நம் பங்கு, நம் சபை, நம் தோட்டத்தார் என்று பெயர் எழுதும் பழக்கம் கிறிஸ்தவர்களிடமும் இருக்கிறது. பிந்தி வந்த குடும்பத்துக்குப் பட்டியலில் இடமில்லை. கோவிலுக்கு வராதவனுக்குப் பாய் இல்லை. தம்மை நேசிப்பவரையே நேசித்தால் அதில் என்ன விசேஷம், ஆயக்காரரும் அதைச் செய்கிறார்களே என்று ஆண்டவர் கேட்டது இதைத்தான். நிறைவைத் தேடுகிறவர் முதலில் தேடவேண்டிய இடம் தன் மனச்சாட்சியின் மூலை அல்ல, அந்தப் பட்டியல் புத்தகம் என்பது நம் அபிப்பிராயம்.

அப்படியானால் ஒரு பிள்ளையைக் கூட்டிச் சொன்ன அந்தத் தாய்? இன்னொரு குடும்பத்தின் பங்கு அதனால் குறைந்திருந்தால் அது பிழைதான், மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் ஐந்து பேருக்கு மூன்று பேருடைய அரிசியை அளந்தவரை விட்டுவிட்டு அவளை மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவது நியாயமாகாது. பிலிப்பியருக்கு எழுதும் பவுல், தாம் இன்னும் நிறைவடையவில்லை என்கிறார். இரண்டு மூன்று வசனங்கள் தள்ளி, நம்மில் நிறைவுள்ளோர் என்று தம்மையும் சேர்த்துப் பேசுகிறார். ஓடிக்கொண்டிருப்பவரையே அவர் அப்படி அழைக்கிறார் போலும். அந்தத் தாயும் அந்த ஓட்டத்தில் இருப்பவளே.

உங்கள் முகாமிலோ குடியேற்றத்திலோ அடுத்த பங்கீடு வரும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கும் முன் பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசியுங்கள், இரண்டு மொழியிலும். கணவனை இழந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், நேற்று வந்தவர்கள், நம்மோடு பேசாதவர்கள் ஆகியோரின் பெயர்கள் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதுங்கள். கூட்டிச் சொன்னவர்கள் தாமாகவே எழும்பிக் குறைத்துச் சொல்லவும் ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள்.