ஊசி குத்தினால் வலி தீருமா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒருவருக்குப் புற்று நோய் முற்றிவிட்டால் வீடே தூங்குவதில்லை. வலி, வாந்தி, களைப்பு!

அப்போது யாராவது வந்து, "அக்குபஞ்சர் செய்யுங்கள், மருந்தே வேண்டாம்" என்கிறார்கள்.

இதை நம்பலாமா?

அக்குபஞ்சர் சீன நாட்டு வைத்தியம். மெல்லிய ஊசிகளை உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் குத்துவார்கள். மருந்து ஏற்றுவதில்லை. இந்திய அரசாங்கம் 2019-ல் இந்த முறையை அங்கீகரித்தது.

பலன் உண்டா?

ஓரளவு உண்டு. புற்று நோய் மருந்தால் வரும் வாந்தியை இது குறைக்கும் என்று 1997-ல் அமெரிக்க நிபுணர் குழு கூறியது. புற்று நோயாளிகளின் வலிக்கும் இதைச் செய்து பார்க்கலாம் என்று 2022-ல் அமெரிக்கப் புற்று நோய் டாக்டர்கள் சங்கம் சொன்னது.

ஆனால் நோயை ஊசி போக்காது. கடும் வலிக்கு மார்பின் மருந்துதான் பெரிய துணை. அதை நிறுத்தினால் நோயாளிதான் துடிப்பார்!

ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் குறைந்தவருக்கு ஊசி ஆபத்தாகலாம். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தவே கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில் ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்க வேண்டும். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே சென்று வேதனையைத் தணிக்க, 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கப்பட்டது. அதைப் பற்றியும் விசாரிக்கலாம்.

ஊசி மருந்துக்குத் துணையாகலாம். மருந்துக்குப் பதில் ஆகாது!