மூக்கும் சாணைக்கல்லும்

அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, ஓசூர்ப் பக்கமிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் நாள்தோறும் ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்பேட்டைகளுக்கு வருகின்றனர். அங்குள்ள அலுவலகங்களில் கடும் உழைப்பைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. மூக்கைச் சாணைக்கல்லில் வைத்து வேலை செய்பவர் என்பது நற்சான்று. நள்ளிரவு எண்ணெயை எரிப்பவர் என்பது அதற்கும் ஒரு படி மேல். மெழுகுவர்த்தியை இரு முனையிலும் கொளுத்துபவருக்கு ஆண்டு விழாவில் கேடயமே கிடைத்தாலும் வியப்பில்லை.

இத்தொடர்களின் பிறப்போ வேறு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவர் மூக்கைச் சாணைக்கல்லில் பிடித்து வைப்பது என்றால், அவரை ஒடுக்கி வாட்டுவது என்றே பொருள். பிறர் பிடித்து அழுத்திய மூக்கைத் தாமே குனிந்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் நற்பண்பாகிவிட்டது. மெழுகுவர்த்தித் தொடர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 1611இல் ராண்டில் காட்கிரேவ் வெளியிட்ட பிரெஞ்சு–ஆங்கில அகராதியில் காணப்படுகிறது. விலை மிகுந்த மெழுகுவர்த்தியை இருபுறமும் எரிப்பது ஊதாரியின் செயல். பொருளை வீணடிப்போரைக் கண்டிக்க எழுந்த அச்சொல் பின்னர் உடலை வீணடிப்போருக்கும் உரியதாயிற்று. வங்கி வாடிக்கையாளருக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்.

தமிழ் இதில் ஒளிவு மறைவு அற்றது. மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தார் என்கிறோம். உழைப்பும் தேய்மானமும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. சொல்பவர் குரலில் பெருமிதத்தைவிட இரக்கமே மிகுதி.

ஜிகனியின் கிரானைட் பட்டறைகளில் மூக்கும் சாணைக்கல்லும் வெறும் உருவகம் அல்ல. கல்லை அறுத்து மெருகிடும்போது எழும் நுண்தூசி மூக்கின் வழியே நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நீர் பாய்ச்சியபடி அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும். அந்தச் செலவை மிச்சப்படுத்தும் முதலாளியை நாம் சிக்கனக்காரர் என்று சொல்லமாட்டோம்.

2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறியது பெரும் விவாதமானது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவு 48 மணி; அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இருமடங்கு ஊதியம். மிகை நேரம் அன்றாட வழக்கமாகாமல் விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்பதற்காகவே அதன் விலை உயர்த்தி வைக்கப்பட்டது என்பது எம் கருத்து.

ஆயினும் ஓவர்டைம் தொகையை நம்பியே வீட்டுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும் தவணை குறித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றாலும், உடல் ஒரு மாதம் மறுத்தாலும், தவணை நாள் தள்ளிப்போவதில்லை. எனவே விண்ணப்பத்துடன் சம்பளச் சீட்டுகளை இணைக்கும் முன், ஓவர்டைம் வரியை விரலால் மறைத்துக்கொண்டு எஞ்சிய தொகையைக் கூட்டிப் பாருங்கள். தவணை அதற்குள் அடங்காவிடில் கடன் தொகையைக் குறைத்தோ காலத்தை நீட்டியோ கேளுங்கள். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும். எவ்வளவு கூடும் என்பதையும் கையொப்பமிடுமுன் கிளையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.