கூரையே கொடுக்கட்டும் ஒளி!

விருத்தாசலத்துச் சூளையிலே வெந்து வெளிவரும் பீங்கான் பியூஸ் கட்டை, ஊர் ஊராகச் சென்று, வீட்டுச் சுவரிலே அமர்ந்து, மின்சாரத்துக்குக் காவல் நிற்கிறது. அதே வீட்டின் கூரைமீது கதிரவன் நாள்தோறும் கொட்டும் செல்வத்தை அள்ளுவார் இல்லை! வாயிலுக்குக் காவல் வைத்தோம். வந்து குவியும் பொன்னை வாரிக்கொள்ள மறந்தோம்!

மின்சாரம் வேண்டும், மறுப்பார் யார்? ஆனால், அதற்கு மண் தரும் விலை என்ன? அண்டையிலேதான் இருக்கிறது நெய்வேலி. நாடு ஒளி பெற்றது. நிலம் தந்தவனோ ஊரை இழந்தான். 2023 ஜூலையில், வளையமாதேவியிலே, சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின் மீதே இயந்திரங்கள் ஏறினவே, மறந்துவிட்டோமா?

"சூரிய மின்சாரத்துக்கும் நிலம் வேண்டுமே!" என்பர். உண்மை. கமுதியிலே 2016-இல் எழுந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. கூரைக்கோ, ஒரு குழி நிலமும் வேண்டாம்! 100 சதுர அடிக் கூரை, ஒரு கிலோவாட் தகட்டைத் தாங்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும்.

கட்டிய கூரைமீது தகடு பொருத்துவோரை வாழ்த்துவோம். நாம் கேட்பது அடுத்த படி. ஓட்டுக்கு ஒரு செலவு, தகட்டுக்கு ஒரு செலவு ஏன்? தகடே ஓடாகட்டும்! தகடே வெயில் மறைப்பாகட்டும்!

கனவென்று நகைப்போர், இத்தாலி நாட்டுப் பொம்பெயைப் பார்க்கட்டும். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலிலே புதைந்த நகரம் அது. அங்குள்ள வெட்டியர் இல்லம் 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, கூரையிலே பழைய ரோமானியச் சுட்ட ஓடு போலவே தோன்றும் சூரிய ஓடுகள்! செத்த நகரம் செய்துகாட்டியதைச் சூளை எரியும் நகரம் செய்யலாகாதா?

விலை கூடுதல்தான், மிச்சமாகும் ஓட்டின் விலையைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். சூடேறினால் விளைச்சல் குறையும். 25 பாகைக்கு மேல் பாகைக்கு 0.4 விழுக்காடு அளவுக்குக் குறையும். ஆகவே தகட்டின் பின்னே காற்றுக்கு வழி வேண்டும். உச்சிவெயில் நாடு நம்முடையது. ஆகவே சுவரைவிடக் கூரைக்கே முதலிடம். வரைபடத்திலேயே எழுதினால் இவையெல்லாம் எளிது; கட்டி முடித்தபின் கடினம்.

2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவோமென 2024-இல் மாநில அரசு அறிவித்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமென அதே ஆண்டில் ஒன்றிய அரசு அறிவித்தது. ஒரு கை கூரை போடுகிறது. மறு கை தகடு தருகிறது. இரு கைகளும் இணைந்தாலன்றோ ஏழை வீட்டிலே விளக்கெரியும்!

கேளுங்கள், தோழர்களே! ஊராட்சியிலே கேளுங்கள், நகராட்சியிலே கேளுங்கள். புதிய பள்ளி, புதிய சந்தை, புதிய பேருந்து நிலையம் எதுவாயினும், கூரையிலே கதிரவனுக்கு இடமுண்டா என்று கேளுங்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்குச் சூரிய ஓட்டின் நுட்பம் வந்து சேரட்டுமென வாதாடுங்கள். மானியம் போக மீதித் தொகையை ஏழை தவணையில் கட்ட வழி கேளுங்கள்.

வயலைக் கேட்கும் மின்சாரம் போதும். இனி, கூரை கொடுக்கட்டும்!