குடிக்கிற நாளில் குளிசை போடலாமா?

வெள்ளிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் வேலை இல்லை, கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள். மேசையில் எச்.ஐ.வி. குளிசைப் போத்தல் இருக்கிறது. இண்டைக்குக் குடிக்கப்போறம், அப்ப குளிசையை விடுவமா?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களிடம் சேத் கலிச்மன் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் செய்த ஆய்வுகள் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. மதுவையும் மருந்தையும் கலந்தால் ஆபத்து என்று நம்பியவர்கள், குடிக்கிற நாட்களில் மருந்தை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வெறியில் மறந்துபோனவர்கள் வேறு. இவர்கள் யோசித்து, உடம்பைக் காப்பாற்றுறம் எண்டு நினைத்துத் தவிர்த்தவர்கள். அந்த ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள். எல்லோரும் தன்பாலீர்ப்பு ஆண்கள் இல்லை என்பதையும் சொல்லவேணும்.

உண்மை என்னவென்றால், எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு, மதுவோடு சேர்வதால் வரும் கெடுதலைவிடக் குளிசையைத் தவறவிடுவதால் வரும் கெடுதல் பெரிது. ஒரு நாள் தவறினால் உலகம் அழியாது. ஆனால் ஒவ்வொரு வாரக்கடைசியும் தவறினால் வைரஸ் மீண்டும் பெருகும், அந்த மருந்துக்கே அடங்காததாகவும் மாறலாம். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்கு அது குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. (எல்லாக் கலவையும் பாதுகாப்பு எண்டும் நினைக்கவேண்டாம். ரிட்டோனவிர் போன்ற சில மருந்துகள் எக்ஸ்டஸி மாதிரியான போதைகளின் அளவை உடம்பில் ஆபத்தான மட்டத்துக்கு ஏற்றிவிடும். அதனால்தான் ஆள் தன் டொக்டரிடம் வாய்திறந்து கேட்கக்கூடிய நிலை வேணும்.)

வாய்திறந்து கேட்க முடிகிறதா என்பதுதான் எங்கள் பிரச்சினை. எச்.ஐ.வி.யோடு வாழும் கறுப்பின இளம் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றிக் கதை தொடங்கினாலே, போதையில் கண்டபடி திரிஞ்சிருப்பாங்கள், அதுதான் வந்திருக்கு என்று முடித்துவிடுகிறோம். எங்களுக்குள்ளேயே இதைச் சொன்னவர்கள் உண்டு. மனச்சாட்சிக்கு வசதியான விளக்கம்தான். ஆனால் தரவு அப்படிச் சொல்லவில்லை.

2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணிப்பை வெளியிட்டது: அன்றைய வீதமே தொடர்ந்தால் அந்த நாட்டின் கறுப்பினத் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. கண்டறியப்படும். அப்படியென்றால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போதை பாவிக்கிறார்களா? கிரெகோரியோ மிலெட்டும் சக ஆய்வாளர்களும் நிறைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்களின் கட்டுரை 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எச்.ஐ.வி.யோடு தொடர்புபட்ட போதைப்பொருட்களின் பாவனை கறுப்பின ஆண்களிடம் வெள்ளையின ஆண்களைவிடக் குறைவு. பாதுகாப்பற்ற உறவிலும் அவர்கள் அதிகம் இல்லை. வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது: குறைந்த வருமானம், வேலையின்மை, சிறைவாசம், மருத்துவக் காப்புறுதி இல்லாமை, மருந்து தொடர்ந்து கிடைக்காமை. இதோடு சிறிய வட்டத்துக்குள் துணை தேடவேண்டிய நிலை. அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே தொற்று அதிகம் என்பதால், மற்றவன் செய்கிற அதே பிழைக்கு இவன் பல மடங்கு விலை கொடுக்கிறான்.

புதிய தொற்றுகளில் அரைவாசிக்கு மேல் கண்டறியப்படுவது அமெரிக்காவின் தென் மாநிலங்களில். ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியை விரிவாக்க மறுத்த மிசிசிப்பி, அலபாமா, டெக்சாஸ், புளோரிடா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அப்ப போதையே பிரச்சினை இல்லையா? இருக்கிறது. மதுவும் கஞ்சாவும்தான் ஆய்வுகளில் அதிகம் வருகின்றன. மெத், அதாவது நாங்கள் இங்கே ஐஸ் என்கிற சாமான், வந்தால் நிலைமை மோசம். அது சில மணித்தியாலங்களுக்குப் பசி, நித்திரை, கூச்சம், பயம் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. வீட்டிலும் தேவாலயத்திலும் 'நீ பாவம்' என்று கேட்டு வளர்ந்த ஒரு பெடியனுக்கு அந்தச் சில மணித்தியாலம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல், 'ஏன் அடிக்கிறாய்' என்று கேட்பதில் அர்த்தமில்லை. நித்திரையும் நேரமும் குழம்பினால் குளிசையும் குழம்பும்.

அந்த நாட்டுச் சட்டம் இதற்குக் கொடுத்த பதில் சிறை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் கிராக் விற்க வைத்திருந்தவருக்கும் 500 கிராம் தூள் கொக்கெயின் விற்க வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்து ஆண்டு. கிராக் கறுப்பினப் பகுதிகளோடும், தூள் பணக்கார வெள்ளையர்களோடும் சேர்த்துப் பேசப்பட்டது. 2010இல் அந்த 100:1ஐ 18:1 ஆக்கினார்கள். சமமாக்கவில்லை. கஞ்சாவை இரு இனத்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் பாவித்தாலும், கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.7 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஒன்றியம் 2013இல் காட்டியது. சிறைக்குப் போனால் மருந்து அறுபடும், வெளியே வந்தால் வேலை கிடைக்காது. பிறகு இதே ஆட்களைத்தான் மருந்து ஒழுங்காக எடுக்காதவர்கள் என்று கோப்பில் எழுதுகிறார்கள்.

யார் பிடிபடுகிறார், யார் தப்புகிறார் என்பதற்கு எட் பக் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது. அது எச்.ஐ.வி. வழக்கு இல்லை. ஆனாலும் இதோடு சேர்த்து வாசிக்கவேணும். எட் பக் ஜனநாயகக் கட்சிக்கு நன்கொடை கொடுத்த, வெள்ளையின, வசதியான தன்பாலீர்ப்பு ஆண். 2017 யூலையில் மேற்கு ஹொலிவூட்டில் உள்ள அவருடைய வீட்டில் ஜெம்மல் மூர் என்ற 26 வயதுக் கறுப்பினத் தன்பாலீர்ப்பு இளைஞர் மெத்தினால் இறந்தார். விபத்து என்று கோப்பை மூடினார்கள். 2018இல் வழக்குத் தொடரப்போவதில்லை என்றார்கள். தாய் லதீஷா நிக்சன் விடவில்லை. 2019 சனவரியில் அதே வீட்டில் திமொதி டீன் இறந்தார், அவரும் கறுப்பினத்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் மூன்றாவது ஆள் உயிர் தப்பி வெளியே வந்த பிறகுதான் கைது. வீடில்லாத, காசில்லாத ஆண்களுக்குப் பணம் கொடுத்து மெத் ஏற்றவைத்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, 2022இல் அவருக்கு 30 ஆண்டு சிறை. முதல் சாவுக்கும் கைதுக்கும் இடையில் இரண்டு வருசத்துக்கு மேல். அந்த இரண்டு வருசமும் மூரைப் பற்றிச் சொல்லப்பட்டது, போதை அடிச்சுச் செத்தவர் என்பது மட்டும்தான்.

எங்கட ஊரில் இருந்து வாசிக்கிறபோது இது தூரத்துக் கதை போலத் தெரியவில்லை. இங்கே அரச பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். அந்த விசயத்தில் நாங்கள் மிசிசிப்பியைவிட மேல். ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். ஆணை விரும்புகிற, ஐஸ் அடிக்கிற ஒரு பெடியன், இந்த இரண்டையும் எந்த டொக்டரிடம் சொல்லுவான்?

சான் பிரான்சிஸ்கோவில் மெத் பாவிக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களுக்காக ஒரு திட்டம் நடத்தினார்கள். பெயர் ப்ரொப். 12 வாரம், வாரம் மூன்று தடவை வந்து சிறுநீர் கொடுக்கவேணும். போதை இல்லாவிட்டால் ஒரு சிறு தொகை, தொடர்ந்து வந்தால் தொகை கூடும். காசு கொடுத்துத் திருத்துறதா என்று முகம் சுளிக்கிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள். எங்களுக்கும் முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகுதான் அதன் மற்ற விதியைக் கவனித்தோம். சிறுநீரில் மெத் இருந்தால் அன்றைய தொகை இல்லை, அவ்வளவுதான். ஏச்சு இல்லை, பொலிஸ் இல்லை, பெயர் வெட்டுவது இல்லை. அடுத்த முறை வரலாம்.