மேல் மாடிக்கு முன் ஒரு கேள்வி

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், என்னிடம் எதைக் கேட்டாலும் விடை கிடைக்கும் என்று உறவினர்கள் எண்ணுகிறார்கள். காணி உறுதி முதல் கடவுச்சீட்டு வரை கேட்டாயிற்று. சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, அம்மாவின்ரை வீட்டுக்கு மேலை இன்னொரு மாடி போடலாம் எண்டு பாஸ் சொல்லுறார். காசு நான் அனுப்பிறன். நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

ஒருகொடவத்தையில் ஆறு பேர்ச் நிலத்தில் நிற்கும் வீடு அது. கீழ்த்தளம் எண்பதுகளில் கட்டப்பட்டது. மேல்தளம் தொண்ணூறுகளின் இறுதியில் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்தது. இப்போது மூன்றாவது தளத்தைக் கட்டி வாடகைக்கு விட்டால், அக்காவின் மருந்துச் செலவுக்கு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது பிள்ளையின் கணக்கு. நல்ல எண்ணந்தான்.

படிக்கட்டை ஒட்டிய சுவரில் அக்கா ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தார். அதன் கீழ்விளிம்பிலிருந்து ஒரு கோடு சரிந்து இறங்குவதைக் கண்டு, நாட்காட்டியை அகற்றிப் பார்த்தேன். ஜன்னலின் மூலையில் தொடங்கிய வெடிப்பு அது. ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு அதற்குள் தாராளமாக நுழைந்தது. "அது பூச்சு வெடிப்பு ஐயா. கொத்திப்போட்டுத் திருப்பிப் பூசினால் சரி" என்றார் பாஸ்.

அந்த மனிதரை நான் குறை கூறமாட்டேன். கல்லை நூல் பிடித்து அடுக்குவதில் அவருக்கு நிகரானவர் அப்பகுதியில் இல்லை. ஆனால் ஒரு தூண் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது கைப்பழக்கத்தால் தெரிகின்ற விடயமன்று, அது கணக்கு. மயிரிழை போன்ற பூச்சு வெடிப்பு வேறு, ஜன்னல் மூலையிலிருந்து சரிந்து விரியும் வெடிப்பு வேறு. பின்னையது, வீட்டின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிடக் கூடுதலாகக் கீழிறங்குகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கக்கூடும்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது 2017 மே 18. வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அண்மையில், சார்ளிமன்ட் வீதியில், பல மாடிக் கட்டடம் ஒன்று பட்டப்பகலில் இடிந்து வீழ்ந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது, இருபது பேர் வரையில் காயமுற்றனர். தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி என்பதால், அன்று இலண்டனிலும் பாரிஸிலும் தொலைபேசிகள் ஓயவில்லை. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், புத்தாண்டு தினமான ஏப்ரல் 14 அன்று, மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்திருந்தது. ஒருகொடவத்தையிலிருந்து மீத்தொட்டமுல்லை நெடுந்தூரமன்று. அந்த ஆண்டு எல்லோரும் தத்தம் சுவர்களைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். நானும் மறந்தவர்களில் ஒருவன்.

ஒருகொடவத்தை, கொலன்னாவைப் பக்கங்களின் நிலம் எத்தகையது என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். களனி கங்கை பெருக்கெடுத்தால் தண்ணீர் வந்து நிற்கும் தாழ்நிலம். 2016 மே வெள்ளத்தைக் கண்டோம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்ததையும் கண்டோம். பல இடங்கள் சதுப்பை நிரப்பி உண்டாக்கப்பட்டவை. அடியில் உள்ள மக்கிய மண், மேலே சுமை ஏறஏற ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். வெள்ளவத்தையின் கடற்கரைத் தெருக்களில் இடர் வேறு விதமானது. அங்கே உப்புக்காற்று கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது. ஒரே வீட்டுப்படத்தை இரண்டு இடத்திலும் கட்டலாகாது என்பதைச் சொல்லவே ஒருவர் தேவை.

அவரைத்தான் கட்டமைப்புப் பொறியியலாளர் என்கிறோம். நம்மவர்கள் படவரைஞரிடம் பிளான் கீறுவிப்பார்கள், உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதிக்கு அலைவார்கள், ஓட்டுக்கும் தரைக்கல்லுக்கும் கடைகடையாக ஏறி இறங்குவார்கள். இவரை மட்டும் "அவர் வந்து என்ன செய்யப்போகிறார்" என்று விட்டுவிடுவார்கள். கட்டுபவரே தம்மிடம் ஓர் 'இஞ்ஜினியர்' இருப்பதாகச் சொன்னால் அத்தோடு திருப்தி. கட்டுபவரிடம் சம்பளம் பெறுபவர் கட்டுபவரின் பிழையை எங்ஙனம் சொல்வார்?

நண்பர் ஒருவர் மூலம் பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துச் சென்றேன். வந்தவர் முதலில் பழைய வரைபடத்தைக் கேட்டார். இல்லை. இந்த வீட்டில் எந்தச் சுவரையாவது எப்போதாவது அகற்றினீர்களா என்றார். அக்கா தயங்கித்தான் சொன்னார்: வரவேற்பறையைப் பெரிதாக்க 2011 இல் ஒரு சுவரை எடுத்தார்களாம். மேல்தளத்தின் பாரத்தில் ஒரு பங்கை அந்தச் சுவர் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு மூலைத்தூணின் அருகே ஒரு குழி தோண்டுவித்தார். தூணுக்கு முறையான கொங்கிறீட் பாதமே இல்லை, பழைய கருங்கல் அத்திவாரத்தின் மேலேயே அது நிறுத்தப்பட்டிருந்தது. கழிவுநீர்க் குழாய் ஒன்று கசிந்து அந்த மண்ணை ஊறவைத்துக்கொண்டிருந்தது. அதே மூலையின் உச்சியில் ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி. ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன் என்று அவர் சொன்னபோது பாஸ் அண்ணாந்து பார்த்தார்.

மூன்று பக்க அறிக்கை ஒப்பத்துடன் வந்தது. மூன்றாம் மாடி கூடாது. குழாயை உடன் திருத்துக, தாங்கியை நிலத்துக்கு இறக்குக, அகற்றிய சுவரின் இடத்தில் உரிய பீம் இடுக, தூணின் அடியைப் பலப்படுத்துக. அவருக்குக் கொடுத்த கட்டணம், மூன்றாம் மாடிக்கு மருமகன் தெரிவு செய்திருந்த தரைக்கல்லின் விலையில் பாதிகூட இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, கட்டி முடித்துக் குடிபுகுமுன் பெறவேண்டிய இணக்கச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் நாட்காட்டிக்குப் பின்னாலுள்ள வெடிப்பைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலாவது தவணையைச் சீமெந்துக்கு அனுப்பாதீர்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் அங்கத்துவம் உள்ளவரா என்று விசாரித்து, உங்கள் செலவில் ஒருவரை அனுப்புங்கள். அறிக்கையை எழுத்தில், நேரே உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள். கொங்கிறீட் கொட்டுவதற்கு முதல்நாள் கம்பிக்கட்டை அவர் வந்து பார்க்கவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கொட்டியபின் உள்ளே இருப்பதை எவராலும் எளிதில் காண இயலாது.

ஆளை அழைத்தால் மட்டும் போதாது, அவர் சொன்னதைக் கேட்கவும் வேண்டும். பங்களாதேஷின் ரானா பிளாசாவில் 2013 ஏப்ரல் 23 அன்று வெடிப்புகள் தோன்றின. பார்வையிட்ட பொறியியலாளர் ஆபத்து என்று எச்சரித்தார். அங்கிருந்த வங்கிக்கிளை மூடப்பட்டது. ஆனால் ஆடைத்தொழிலாளர் மறுநாட் காலையில் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். ஆயிரத்து நூறுக்கும் அதிகமானோர் மாண்டனர்.

அறிக்கையை அனுப்பியபின் மருமகன் பத்து நாட்கள் பேசவில்லை. பின்னர், "வேறை ஆரிட்டையாவது கேப்பமோ மாமா?" என்றார். தாராளமாகக் கேள், ஆனால் பாஸிடம் அல்ல, இன்னொரு பொறியியலாளரிடம் கேள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை. தண்ணீர்த் தாங்கி இறங்கிவிட்டது, குழாயும் திருத்தியாயிற்று. வெடிப்பின் குறுக்கே பொறியியலாளர் ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சுவர் இன்னும் அசைந்தால் அது உடையும். நாட்காட்டி இப்போது எதிர்ச்சுவரில் தொங்குகிறது.