அனுப்புகிறவருக்குச் செலவில்லை

2018 மே மாதம், 24 மணி நேரத்துக்குள், தமிழ்நாட்டில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடி ஆளை அடித்துக் கொன்றது. ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் உள்ள அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 65 வயது மூதாட்டி ஒருவர் அந்த அடியில் உயிரிழந்தார். இன்னொன்று, பழவேற்காடு. யாரென்றே தெரியாத ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். சென்னைப் புறநகரில் இருக்கும் நமக்குப் பழவேற்காடு தொலைதூரத்து ஊர் இல்லை. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டம்தான். வடநாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் குழந்தை கடத்த இறங்கியிருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகள் அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வடமாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன.

இத்தகைய கொலைகளுக்கு நாம் சட்டென்று சொல்லிவிடும் காரணம் அறியாமை. படிப்பில்லாத ஜனங்கள், போனில் வந்ததையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் என்று பேச்சை முடித்துக்கொள்கிறோம். அந்தக் காரணத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு, நாம் தப்பித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பதிவுகளை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவர்களில் எத்தனை பேர் அதை முழுதாக நம்பினார்கள்? நம்ப வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அம்பத்தூரிலோ திருமுல்லைவாயலிலோ பள்ளி விடும் நேரத்தில் ஒரு தாயின் போனுக்கு 'பிள்ளை பிடிக்கிறாங்களாம், உஷார்' என்று ஒரு செய்தி வருகிறது. பொய்யாக இருந்தால் தனக்கு என்ன நஷ்டம்? உண்மையாக இருந்தால் ஒரு பிள்ளை தப்பிக்கும். எதுக்கும் இருக்கட்டும் என்று நாலு குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பத்தி விடுபட்டுப்போகிறது: செய்தி பொய்யானால் அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவர். அவர் அந்தக் குழுவில் இல்லை. அவர் மொழி தெரியாமல் தெருவில் நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு காணொளியை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் இருப்பவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. கண்காணிப்பு கேமராவில் பதிந்தது போன்ற மங்கலான படம், சில நொடிகள்தான். அது பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அந்த இருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, குழந்தை காணாமல் போவது எவ்வளவு எளிது என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரு கடத்தல். இதைப் பார்த்தவர் ஏமாந்தார் என்றால் அது படிப்புக் குறைவால் அல்ல. கண்ணால் கண்டதை நம்பினார், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 84 சதவீதம், மாநிலச் சராசரியைவிட அதிகம். படிப்பு ஒன்றே கவசம் என்றால் பழவேற்காட்டுப் பாலத்தில் அது நடந்திருக்கக் கூடாது.

வதந்தி இன்றைக்கா பிறந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி வாட்ஸ்அப் இல்லாமலே ஒரே நாளில் நாடு முழுக்கப் போனது. அதற்கும் முன்னால், 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் காணாத பகுதிகளில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சுதான் அதிகம் உலவியது. பிற்காலத்தில் இந்தத் தரவைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் ஒரு விளக்கம் தந்தார். மனதில் பயம் வந்துவிட்டது, சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. அப்போது அந்தப் பயத்துக்கு ஒரு காரணத்தை மனம் தேடிப் பிடித்துக்கொள்கிறது என்றார். ஆக, பயம் பழையது, அதற்குக் காரணம் தேடும் மனமும் பழையது. கைபேசி புதிதாகச் சேர்த்தவை இரண்டு. முதலாவது, அந்தக் காரணத்தை நமக்கு வேண்டியவரின் பெயரில் கொண்டுவந்து கொடுப்பது. செய்தியை உண்டாக்கியவர் யாரோ, ஆனால் திரையில் தெரிவது அக்காவின் பெயர், பள்ளித் தோழனின் படம், குடியிருப்புச் சங்கச் செயலாளரின் எண். அவர்கள் மேல் உள்ள நம்பிக்கை அப்படியே செய்தியின் மேல் ஏறிவிடுகிறது. இரண்டாவது, திரும்பத் திரும்ப வருவது. ஒரு கூற்றை மறுபடி மறுபடி கேட்டால் அது உண்மை என்று தோன்றும் அளவு கூடுகிறது என்பதை 1977இலேயே ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ ஆகியோரின் ஆய்வு காட்டியது. குடும்பக் குழு, தெருக் குழு, அலுவலகக் குழு, கோயில் குழு என்று நான்கு பக்கமிருந்தும் ஒரே பதிவு வரும்போது, நாலு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. வந்ததெல்லாம் ஒரே பதிவின் நகல்கள் என்று அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை.

இதன் மறுபக்கத்தை 2023 மார்ச்சில் பார்த்தோம். இம்முறை பயந்தவர்கள் வடநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வெளியே வந்து விளக்கினார்: ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு. பீகார் சட்டப்பேரவையில் அமளி நடந்தது, அந்த மாநில அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று லேத்துப் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் இளைஞர்கள் இல்லாமல் ஷிப்ட் ஓடாது. அவர்களில் ஒருவரின் தாய் ஊரில் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? மகனுக்குப் போன் போட்டு, 'வேலை போனால் போகட்டும், வந்துவிடு' என்றுதான் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதை அனுப்பியிருப்பார். ஐந்து ஆண்டு முன்பு இங்கே ஒரு தாய் போட்ட அதே கணக்கு, மொழி மட்டும் வேறு. நம்மைக் கொலைகாரர்களாகச் சித்திரித்த அந்தக் காணொளிகளைக் கண்டு நமக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். 2018இல் அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்களாக்கிய குரல் பதிவுகளை நம்மில் எத்தனை பேர் அதே கோபத்தோடு தடுத்து நிறுத்தினோம்?

அப்படியானால் மனித மனம் இப்படித்தான், ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டுவிட முடியுமா? முடியாது. கருவியின் அமைப்பை மாற்றினால் மனிதர்களின் பழக்கம் மாறுகிறது என்பதற்கு இந்தியாவே சாட்சி. 2018 ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்ட பிறகு, அந்த மாதமே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. படம், காணொளிகளுக்குப் பக்கத்திலேயே இருந்த விரைவு ஃபார்வர்டு பொத்தானையும் எடுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அதன் பிறகு அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. இது அவர்கள் கணக்கு, வெளியாட்கள் சரிபார்க்க வழியில்லை என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் இது காட்டுவது முக்கியமானது. மக்கள் திடீரென்று அறிவாளிகளாகிவிடவில்லை. இன்னொரு முறை விரலை வைக்க வேண்டியிருந்தது, அதற்குள் பலர் விட்டுவிட்டார்கள். 2021இல் நேச்சர் இதழில் பென்னிகுக், ரேண்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது. செய்தி உண்மையா என்று கேட்டால் மக்கள் ஓரளவு சரியாகவே பிரித்துச் சொல்கிறார்கள். பகிர்வீர்களா என்று கேட்டால் அந்த யோசனையே வருவதில்லை. உண்மையா என்று ஒருமுறை நினைவூட்டினாலே பகிர்வதன் தரம் உயர்ந்தது. அறிவு இருக்கிறது, அதைக் கூப்பிட ஒரு நொடி வேண்டும், அந்த நொடியைத்தான் இந்தக் கருவிகள் நம்மிடமிருந்து பறித்தன. கட்டுப்பாடு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் குழந்தைக் கடத்தல் வதந்தி மறுபடி கிளம்பி, பம்மலில் ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள்.

இன்னொரு மறுப்பு உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். 2015 சென்னை வெள்ளத்தில் நம்மைக் காப்பாற்றியது இதே குழுக்கள்தானே என்பது அது. உண்மை. அரசு இயந்திரம் திணறியபோது எந்த வீட்டு மாடியில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படகு எங்கே, பால் எங்கே என்று சொன்னவை இந்தச் செய்திகள்தான். எவை உதவின என்று பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். தெருப் பெயர், போன் எண், நேரம் இருந்த செய்திகள் உதவின, ஏனென்றால் அவற்றுக்கு ஒரு பொறுப்பாளி இருந்தார். அவை இல்லாதவை, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, நாசா பெருமழையைக் கணித்துவிட்டது என்று அலைந்தன. மீட்கப்பட்டுவிட்டவர்களின் பழைய கோரிக்கைகளும் நேரம் குறிக்கப்படாததால் சுற்றிக்கொண்டே இருந்து தன்னார்வலர்களை வீணாக அலைக்கழித்தன.

அந்த வெள்ளம் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. பூந்தமல்லி, குன்றத்தூர், மாங்காடு பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. கரையோரத்து மக்களில் பலருக்கு அது வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அரசு வாய் திறக்காத நேரத்தில் நடந்த உண்மை அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் 'ஏரி உடைஞ்சிடுச்சாம்' என்று செய்தி வந்தால் மக்கள் நம்புவதை மூடத்தனம் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது நடந்தது வேறு. 24 அடி ஏரியில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், பகல் 12 மணிக்கு 1,000 கன அடி திறக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள், பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். எத்தனை அடி, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அதிகாரியின் வாயாலேயே வந்துவிட்டால் வதந்திக்குச் சொல்வதற்கு அதிகம் மிஞ்சாது. வானிலைப் பதிவர் பிரதீப் ஜானின் மழைக் கணிப்புக்காக இத்தனை ஆயிரம் பேர் காத்திருப்பதும் இதனால்தான். பயப்பட வேண்டுமா, வேண்டாமா என்று அவர் நேராகச் சொல்கிறார்.

இதையெல்லாம் அரசின் தகவல் சரிபார்ப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசைப் பற்றிய செய்தி உண்மையா என்று அரசே தீர்ப்புச் சொல்வது சரியாகாது. மத்திய அரசின் அப்படியொரு விதியை 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குழு நிர்வாகியைச் சிறைக்கு அனுப்புவதும் வழியில்லை. உறுப்பினர் போடும் பதிவுக்கு நிர்வாகி குற்றப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆவடியிலும் கொரட்டூரிலும் உள்ள குடியிருப்போர் சங்கக் குழுக்களின் நிர்வாகிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு விதி வைக்கலாம்: யார் பார்த்தது, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இல்லாத அவசரச் செய்தி குழுவில் நிற்காது. பதற்றமான இரவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி குழுவை மாற்றி வைக்கும் வசதியும் கையிலேயே இருக்கிறது. காவல் துறையும் நீர்வளத் துறையும் தங்கள் அறிவிப்பைத் தமிழில் மட்டும் தராமல் இந்தியிலும் ஒடியாவிலும் தர வேண்டும், தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை அறைகளில் இருப்பவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

இவற்றைவிட நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. செய்தி பொய் என்று தெரிந்த பிறகு அதை அனுப்பியவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார்கள். இது போதாது. பொய் பரவியது அக்காவின் பெயரில். மறுப்பு வருவதோ முகம் தெரியாத ஒரு காவல் அதிகாரியிடமிருந்து, அதுவும் எல்லோரும் பார்க்காத ஒரு பக்கத்தில். எந்த நம்பிக்கையின் மேல் அந்தப் பொய் ஏறி வந்ததோ, அதே நம்பிக்கையால்தான் அதை இறக்கவும் முடியும். ஆகவே எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினாரோ அந்தக் குழுக்களுக்கெல்லாம், 'நேற்று நான் அனுப்பிய செய்தி பொய், யாரும் நம்ப வேண்டாம்' என்று அவரே தன் குரலில் ஒரு பதிவு போட வேண்டும். குழுவில் உள்ள மற்றவர்கள் அவரைக் கேலி செய்யாமல் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். கேலிக்குப் பயந்துதான் பலர் அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.